வெட்டுத் தழும்பு எங்கே?

கண்ணு,

போன வாரம் பரம்பிக்குளம் காட்டுக்குப் போய் வந்தோம். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது கேட்டுக் கேட்டு, "அங்கே என்ன இருக்கு, தேக்கும் அட்டையும்தானே" என்று நான் தட்டிக் கழித்த அதே பரம்பிக்குளம். அண்ணன் பிள்ளைகள் ஒரு தடவை கேட்டதும் கிளம்பிவிட்டேன் என்று அம்மா உன்னிடம் போட்டுக் கொடுப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

இருப்பது நம்ம பாலக்காடு ஜில்லாவில்தான். ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து போக, கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று சுற்றி, மறுபடி கேரளாவுக்குள் ஏற வேண்டும். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைக் கிளறினார்கள். அம்மா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து முந்தானையில் கொட்டிக்கொண்டாள்.

கூடாரம் என்றதும் நான் தார்ப்பாயும் கயிறும் எடுத்து வைத்திருந்தேன். ஆனப்பாடியில் போய்ப் பார்த்தால் கட்டில், குளியலறை எல்லாம் வைத்து வனத்துறைக்காரர்களே கட்டி வைத்திருக்கிறார்கள். ராத்திரி சுற்றிலும் மான்கள் மேய்ந்தன, புல்லைப் பிய்க்கிற சத்தம்கூடக் கேட்டது. புலி வந்தால் இந்தத் துணி தாங்குமா என்று கேட்டுக்கொண்டே அம்மா தூங்கவில்லை. 2010-லேயே இதைப் புலிகள் காப்பகம் ஆக்கிவிட்டார்கள் என்று நான் வாயை விட்டிருக்கக் கூடாது.

காலையில் வனத்துறை வண்டியில் சுற்றினோம். காட்டுமாடு ஏழெட்டு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி, நம்மைப் பார்த்து அசையவே இல்லை. கருமந்தி, மலை அணில் பார்த்தோம். யானை, சாணத்தைப் பார்த்ததோடு சரி. அப்புறம் அணை. இருப்பது கேரளாவில், பார்த்துக்கொள்வது தமிழ்நாடு. நம் சித்தூர்ப்புழைக்கு வருகிற ஆழியாற்றுத் தண்ணீர்க் கணக்கும் இரண்டு மாநிலமும் போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தேன், எல்லோரும் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

கடைசியாகக் கன்னிமாரா தேக்கு. 450 வயசு என்கிறார்கள், 1994-95-ல் மத்திய அரசின் மகாவிருட்ச புரஸ்காரம் வாங்கிய மரம், ஐந்து பேராவது கை கோத்தால்தான் அடிமரத்தை வளைக்க முடியும். அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நான் உனக்குச் சொன்ன கதையையே வழிகாட்டித் தம்பியும் சொன்னார்: வெட்டப் போனபோது கோடாலி பட்ட இடத்தில் ரத்தம் பீறிட்டதாம், அன்றைக்கிருந்து சாமியாகக் கும்பிடுகிறார்களாம். நானே நேரில் பார்த்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். சின்னவன், "அப்போ வெட்டுத் தழும்பு எங்கே தாத்தா?" என்றான்.

நீயும் இதையேதான் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நேரில் போனால் தெரியும் என்று சொல்லித் தப்பித்தேன். இப்போது நேரிலும் போயாகிவிட்டது. மரத்தை இரண்டு சுற்று வந்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லை.

உன் கண் கூர்மை. லீவு தேதியைச் சீக்கிரம் சொல், கூடாரத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முறுக்கைத் தூக்குப்போசியில் கொண்டுபோகலாம் என்று அம்மா சொல்கிறாள்.

அப்பா