வயதுக்கு 0, கூட்டினால் 60

அன்புள்ள கயல்,

"27 வயசுதானே ஆகுது, ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கெங்கம்மா சுகர் வரப்போகுது" என்று போனில் கேட்டாய். வயதையும் எடையையும் மட்டும் வைத்து நீ போட்ட கணக்கு அது. நம் நாட்டவர்களுக்கென்றே சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் 2005இல் ஒரு மதிப்பெண் முறை வெளியிட்டது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சுகர் உண்டா, இந்த நான்கும்தான் கேள்வி.

உனக்குப் போட்டுப் பார்க்கிறேன். 35க்குக் கீழே, அதனால் வயதுக்கு 0. அப்பாவுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது: 20. நாள் முழுக்க நாற்காலி, உடற்பயிற்சி கிடையாது: 30. பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் என்றால் 0, 80 முதல் 89 வரை 10, அதற்கு மேல் 20. உனக்கு 82 வந்தாலே மொத்தம் 60. அறுபதிலிருந்து அதிக ஆபத்துக் கணக்கு, கண்ணு.

பேன்ட் சைஸைச் சொல்லாதே, அது தொப்பைக்குக் கீழே நிற்கும் அளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், துணிமேல் இல்லாமல், மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பை வை. வயிற்றை எக்காதே. கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. தராசில் அது தெரியாது.

மதிப்பெண் நோயைச் சொல்லாது, யார் ரத்தம் பார்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்லும். வெறும் வயிற்றில் 94 என்று வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அவர்களிலேயே சிலருக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140ஐத் தாண்டியிருக்கும். 140 முதல் 199 வரை சுகருக்கு முந்தைய நிலை, 200 வந்தால் சுகர். உனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டியும் (பி.சி.ஓ.எஸ்.) இருப்பதால் இந்த டெஸ்ட்டையே எடு. முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சோறு சாப்பிடு. நல்ல ரிசல்ட் வரட்டும் என்று குறைத்தால் எண் தப்பாக ஏறும். இரவு முழுக்கப் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம். குளுக்கோஸ் குடித்தபின் அங்கேயே உட்கார், நடக்காதே.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியும் (HbA1c) பார்ப்பார்கள்: 5.7 முதல் 6.4 சதவீதம் வரை முந்தைய நிலை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அது பொய்யாகக் கூடிக் காட்டும். கூடவே ஹீமோகுளோபினும் எழுதச் சொல்.

முந்தைய நிலை என்று வந்தாலும் பயப்படாதே. 2006இல் வெளியான இந்திய ஆய்வில், அந்த நிலையில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டு மாற்றமும் நடையும் சேர்ந்து சுகர் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறைத்தது. உன் அறுபதில் பெற்றோருக்கான இருபதை மாற்ற முடியாது. மிச்ச நாற்பதும் நடையிலும் இடுப்பிலும்தான் இருக்கிறது. வாரம் 150 நிமிடம் வேக நடை, மதியச் சோற்றில் பாதியை எடுத்துவிட்டு காயும் பருப்பும். இப்போதைக்கு இது போதும்.

ரிப்போர்ட் வந்ததும் "நார்மல்" என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், எண்களோடு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா