தமிழிலும் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் டிஸ்லெக்சியா, அதாவது பிறவியிலேயே வாசிப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் நன்றாக வாசித்துக்கொண்டிருந்து நடுவில் அதைப் பறிகொடுத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் பேத்தி அப்படி.

தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் இடப்பக்கம் அடி. மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் "தாத்தா, தண்ணி" என்றாள். ஆறு மாதத்தில் பழையபடி வாயாடி. பத்துமலைக்குப் போய் முடி இறக்கிவிட்டு, பள்ளிக்கு அனுப்பினோம்.

மலாயில் 'பூ-கு', 'மே-ஜா' என்று அசை பிரித்து எப்படியோ ஒப்பேற்றினாள். தமிழில் 'கொக்கு' வந்ததும் விரல் நின்றுவிட்டது. கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். எதை முதலில் சொல்வாள்? தட்டுத்தடுமாறி ஒரு பத்தி முடித்தாலும், என்ன கதை என்று கேட்டால் என் முகத்தைத்தான் பார்ப்பாள். வாய் இவ்வளவு ஓடுகிறதே, இது வெறும் சோம்பல் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள்.

சோம்பல் இல்லை. விபத்தோ மூளைக் காய்ச்சலோ பக்கவாதமோ மொழியைப் பறித்துவிட்டால், பல பிள்ளைகளுக்குப் பேச்சு முந்திக்கொண்டு திரும்பும், வாசிப்பும் எழுத்தும் பின்தங்கிவிடும். வலிப்போடு சேர்ந்தும் மொழி போவதுண்டு. லாண்டோ, கிளெஃப்னர் என்ற இரு அமெரிக்கர்கள் 1957-இல் எழுதிவைத்த நோய் அது. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் வரும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் காது கேட்கவில்லை என்றே வீட்டில் நினைப்பார்கள்.

என் ஆதங்கம் வேறு. அவளைச் சோதிக்க நாங்கள் கூட்டிப்போன இடத்தில் வாசிப்புச் சோதனை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். 'வாசிப்பு திருப்தி' என்று அறிக்கை வந்தது. கணிதம்கூடத் தமிழில் படிக்கிற பிள்ளைக்கு! அடுத்த முறை அவளுடைய முதலாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். விபத்துக்கு முன் மூச்சு விடாமல் வாசித்த பக்கத்தை விரித்து வைத்தேன். முதல் வரியிலேயே நின்றாள். அன்றுதான் அறிக்கையை மாற்றி எழுதினார்கள்.

கோலாலம்பூரில் யுகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) 1995 முதல் பேச்சுச் சிகிச்சைப் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. தமிழ் தெரிந்த பயிற்சியாளர்களும் நம் ஆசிரியர்களும் உட்கார்ந்து, ஆண்டு வாரியாக ஒரு தமிழ் வாசிப்புத் தாள் எழுதிக் கொடுத்தால் போதும். அதுவரை பெற்றோர்களே, புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஒரு தாத்தா,
செந்தூல், கோலாலம்பூர்