டீசல் பம்ப்ப இறக்குறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்: பைபாஸ் ஓரத்து மெக்கானிக் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரமா பட்டறை வெச்சிருக்கற அண்ணன்களுக்கும் தம்பிங்களுக்கும் வணக்கம்.

நான் சொந்தமா வண்டி வெச்சு நானே ஓட்டறவன். 99 மாடல் டாடா 407, டர்போ இல்லாத 497 இன்ஜின், அதாவது நாலு சிலிண்டர், 97 எம்எம் போர் (சிலிண்டர் வாய் அகலம்). பாலக்கோட்டுல தக்காளி ஏத்தி சேலம் போவேன், சீசன்ல காவேரிப்பட்டணம் பக்கம் தோப்புல மாங்காய் ஏத்தி கூழ் ஃபேக்டரில இறக்குவேன். சண்டைக்கு எழுதல, ஆனா கோவமே இல்லன்னு சொன்னா அது பொய்.

விஷயம் இதுதான். போன மாசியில இருந்து ஐடில்ல, அதாவது ரேஸ் குடுக்காம சும்மா ஓடவிட்டு, நின்னா வண்டி நடுங்க ஆரம்பிச்சுது. டோல்கேட்ல க்யூல நின்னா சைடு கண்ணாடியில பின்னாடி நிக்கற ஒரு பஸ் மூணு பஸ்ஸா தெரியும், கியர் ராடு கை வைக்காமலே ஆடும், டேஷ்போர்டுல வெச்ச எலுமிச்சம்பழம் உருண்டு கீழ விழும். கொஞ்சம் ரேஸ் குடுத்தா எல்லாம் சரியாயிடும். காலையில முதல் ஸ்டார்ட்டுல புடிச்சு ஒரு நிமிஷம் ஓடும், அப்புறம் தானா அணைஞ்சுடும். டீசல கையால ஏத்தற ஹேண்ட் பம்ப் பத்து பதினஞ்சு தடவை அடிச்சாதான் மறுபடி எடுக்கும்.

மொத பட்டறையில ஐடில் வேகத்த கூட்டி கொறைக்கற ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவ ஏத்தி விட்டாங்க, நடுக்கம் போச்சு, இருநூறு ரூபா, நானும் சந்தோஷமா வந்துட்டேன். ரெண்டே நாள்ல தெரிஞ்சுது அது வைத்தியம் இல்லன்னு. தொப்பூர் எறக்கத்துல ஜாம்ல ஊர்ந்து போறப்ப கால எடுத்தாலும் வண்டி முன்னால தள்ளுது, பிரேக்க மிதிச்சுகிட்டே இருக்கணும். அந்த கணவாய்ல பிரேக் சூடானா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. ரெண்டாவது இடத்துல நான் சொன்னத பாதி கேட்டதுமே டீசல் பம்ப்ப, அதாவது நாசலுக்கு டீசல அழுத்தி அனுப்பற பெரிய பம்ப்ப, இறக்கிடலாம்னுட்டாங்க. இறக்கி, டீசல் அளவ சரி பண்ற காலிப்ரேஷன் குடுத்து, சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சற நாசலும் செட் பண்ணி, 9,500 ரூபா. நாலு நாள் வண்டி நின்னுச்சு, தக்காளி நடை மூணு போச்சு. மாட்டி ஸ்டார்ட் பண்ணா அதே நடுக்கம்ணா! மூணாவது ஆளு இன்ஜின் மவுண்ட் ரப்பர்னாரு, மாத்துனோம், அதுவும் இல்ல.

கடைசியா எங்க வீட்டு பக்கத்துல கட்டட வேலை நடந்துச்சு, மேஸ்திரி மட்டம் பாக்கற வெள்ளை டியூப் இருக்குல்ல, உள்ள இருக்கறது தெரியுமே, அதுல மூணு முழம் வாங்கியாந்து, ஒரு முழத்த வெட்டி, டேங்க்ல இருந்து வர்ற லைனுக்கும் ஃபீட் பம்ப்புக்கும் (டேங்க்ல இருந்து டீசல உறிஞ்சற சின்ன பம்ப்) நடுவுல போட்டு கிளிப் இறுக்கி ஸ்டார்ட் பண்ணேன். கோலி சோடா ஒடைச்ச மாதிரி கொப்பளம் கொப்பளமா போவுது. அப்புறம் டேங்க் லைன கழட்டிட்டு ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி கேபின் கம்பியில தொங்கவிட்டு அதுல இருந்து நேரா ஃபீட் பம்ப்புக்கு குடுத்தேன். ஏர் போக ஹேண்ட் பம்ப் அடிச்சு ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டேன், கொப்பளம் நின்னுச்சு, இன்ஜினும் நடுங்காம நிதானமா அடிச்சுது. ஆக பம்ப்புல குத்தம் இல்ல, டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவுலதான். தேடிப் பாத்தா சேஸிஸ்ல கிளாம்ப் புடிக்கற எடத்துல ரப்பர் ஹோஸ் முடி அளவுக்கு வெடிச்சிருக்கு. ஹோஸும் ரெண்டு செம்பு வாஷரும் சேத்து 180 ரூபா.

இத ஏன் யாரும் பாக்கலன்னா, கீழ ஒரு சொட்டு டீசல் இல்ல, அதனால லீக் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா அது உறிஞ்சற பக்கம்ணா, வண்டி ஓடறப்ப டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போவும். ராத்திரி நின்னா டீசல் மெல்ல டேங்க்குக்கே எறங்கிடும், காலைல ஹேண்ட் பம்ப் அடிக்க வேண்டி வர்றதும் அதனாலதான். ஐடில்ல ஒரு அடிக்கு போற டீசலே கொஞ்சூண்டு, அதுல ஒரு கொப்பளம் பூந்தா அந்த சிலிண்டர் அந்த அடிய விட்டுடும், மத்த மூணும் இழுக்கும், வண்டி நடுங்கும். இந்த காலை ஸ்டார்ட் கதைய மூணு பட்டறைலயும் சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல.

எல்லா நடுக்கமும் ஏர்தான்னு நான் சொல்ல வரல. ஒரே சிலிண்டர் மிஸ் அடிச்சா அத கண்டுபுடிக்கற வழி உங்களுக்கே கைவந்தது, ஐடில்ல ஓடறப்ப ஒவ்வொரு நாசல் லைன் நட்டா லேசா லூஸ் பண்ணா எதுல சத்தம் மாறலையோ அதுதான் தூங்கற சிலிண்டர். அந்த நாசல பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போட்டுப் பாருங்க, மிஸ் கூடவே போச்சுன்னா நாசல், அங்கயே நின்னா டேப்பட், வால்வு, கம்ப்ரஷன்னு போகணும். பசங்கள செய்யச் சொல்றப்ப மட்டும் கை மேல டீசல் பீச்சாம பாத்துக்கங்க, அந்த பிரஷர் தோல கிழிச்சு உள்ள போயிடும். காமன் ரெயில் வண்டில, அதாவது எல்லா நாசலுக்கும் ஒரே குழாய்ல ரொம்ப அதிக பிரஷர்ல டீசல் நிக்கற புது மாடல்ல, இத செய்யவே கூடாது.

என் தப்பையும் சொல்லிடறேன். ஸ்க்ரூவ ஏத்தி விடுங்கன்னு மொத பட்டறையில கேட்டவனே நான்தான். லோடு அவசரம். நம்ம டிரைவர்ங்க பாதி பேரு வழியில கேன் டீசல் ஊத்துனத கேட்டா கூட சொல்லமாட்டாங்க, ஃபில்டர் மாத்துனது எப்போன்னு கேட்டா வானத்த பாப்பாங்க, அதுவும் எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கறேன், நீங்களே கேளுங்க: காலையில எப்படி எடுக்குது, ரேஸ் குடுத்தா சரியாவுதா, புகை வெள்ளையா கருப்பா. ஒரு முழம் வெள்ளை டியூப் டூல்ஸ் பாக்ஸ்ல போட்டு வைங்க, மாட்டிப் பாக்க பத்து நிமிஷம். அந்த பத்து நிமிஷத்துக்கு முந்நூறு ரூபா செக்கிங் சார்ஜ் கேளுங்க, வாயத் தொறக்காம குடுப்போம். அதுக்கப்புறம் பம்ப்ப இறக்கணும்னு நீங்க சொன்னா சரின்னு சாவிய குடுத்துட்டு டீ குடிக்க போறோம்.

ஸ்க்ரூவ பழைய எடத்துக்கே எறக்கிட்டேன். கண்ணாடியில இப்ப ஒரு பஸ்தான் தெரியுது. ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு லோடு இருக்கு, மேஸ்திரி டியூப்ல மீதி ரெண்டு முழம் சீட்டுக்கு பின்னாடி கெடக்கு, யாருக்காவது வேணும்னா சந்தையில புடிங்க.