கற்பிட்டிக்குக் காசு வாங்கிவிட்டு மஸ்கெலியாவில் நடத்திய கைட் சர்ஃபிங் பயிற்சி பற்றிய புகார்

நோர்வூட்
2025.08.11

முகாமையாளர் அவர்கட்கு,

பொருள்: ஆரம்பநிலைப் பயிற்சியில் என் தம்பி காயப்பட்டமை, கட்டணத்தைத் திருப்பித் தருதல், நீர்த்தேக்கத்தில் நடத்தும் பயிற்சியை நிறுத்துதல்

ஐயா,

கடந்த ஜூலை மாதம் உங்கள் நிறுவனத்தின் ஆரம்பநிலை கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் காற்றில் இழுக்க, பலகையில் நின்று தண்ணீர் மேல் சறுக்கும் விளையாட்டு) பயிற்சிக்கு என் தம்பியின் பெயரில் 68,000 ரூபாய் முழுக் கட்டணமும் கட்டினேன். பற்றுச்சீட்டில் பயிற்சி நடக்கும் இடம் புத்தளம் பக்கக் கடற்கரையிலுள்ள கற்பிட்டி என்றே எழுதியிருக்கிறது. ஹட்டனிலிருந்து வேன், தங்குமிடம், தமிழில் சொல்லித்தரும் பயிற்றுநர் எல்லாம் அந்தக் காசுக்குள் அடக்கம் என்று உங்கள் காரியாலயத்தில் சொன்னார்கள். ஆனால் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. முதற்கட்டப் பயிற்சி மலைநாட்டு மஸ்கெலியாவிலுள்ள மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கக் கரையில் நடக்குமாம், கற்பிட்டி பிறகாம். ஏன் என்று கேட்டதற்கு, "இங்கயும் நல்லா காத்து அடிக்குதுதானே" என்று பதில் வந்தது.

அடிக்கிறதுதான். ஆனால் அது பழகுகிறவனுக்கு ஏற்ற காற்று இல்லை. என் புகாரின் அடிப்படையே இதுதான்.

மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை கற்பிட்டியில் வீசும் தென்மேல் காற்று திறந்த கடலைத் தாண்டி, குன்றே இல்லாத ஒடுங்கிய மணல் நிலத்தின் மேலாகப் புத்தளம் களப்புக்கு வருகிறது. வழியில் மறிக்க எதுவும் இல்லாததால் சீராக இழுக்கிறது. களப்பில் இடுப்பளவு ஆழத்தில் நின்று பழகலாம், விழுந்தாலும் கீழே மணல். வெளிநாட்டுக்காரர்கள் இவ்வளவு தூரம் வந்து அங்கே பழகுவதற்குக் காரணம் அதுதான். அதே பருவக்காற்று மஸ்கெலியாவுக்கு மலைகளில் மோதித்தான் வந்து சேர்கிறது. கணவாய்க்குள் நெருக்குண்டு வேகமெடுக்கும், மலை முகட்டுக்குப் பின்னால் சுழலும், திசை மாறும், சட்டென்று நின்றும் போகும். ஆடி மாதம் தோட்ட லயத்துக் கூரைத் தகரம் பறக்காமல் கல்லும் மணல் மூட்டையும் தூக்கி வைக்கிற எங்களுக்கு இந்தக் காற்றைத் தெரியும். காற்றை நம்பித் தொழில் நடத்தும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கைட் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். 10 நொட் காற்றில் சும்மா பிடித்து நிற்கிற பையனை 20 நொட் காற்று ஒரு நொடியில் தூக்கிப் போடும்.

அன்றைக்கு நடந்ததும் அதுதான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிய பயிற்சிக் கைட் ஒன்றும் கொண்டுவரவில்லை. எடுத்த எடுப்பிலேயே 9 சதுர மீற்றர் கைட்டுக்குக் காற்றடித்து, தம்பிக்கு ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டியை மாட்டி, அதன் கொக்கியில் கைட்டை இயக்கும் தடியான பாரைக் கொளுவிவிட்டார் உங்கள் பயிற்றுநர். நான்கு பேருக்கு ஒரே ஒரு ஹெல்மெட்தான் இருந்தது, அதுவும் அந்த நேரம் வேறொரு பிள்ளையின் தலையில். கைட் உச்சிக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் காற்று விழுந்தது, கைட்டின் கயிறுகள் தொய்ந்தன, கைட் ஒரு பக்கமாகச் சரிந்து கீழே வந்தது. மறுபடி காற்று பிடித்தபோது கைட் அவனுக்கு நேர் முன்னால், இழுவை மிக அதிகமான இடத்தில் நின்றது. தம்பியைச் செம்மண் கரை வழியே குப்புற இழுத்துக்கொண்டு போனது. பழைய மரக்கட்டை ஒன்றில் தோள் மோதிய பிறகுதான் நின்றான்.

பயிற்றுநர் பின்னால் ஓடிவந்து "ரிலீஸ், ரிலீஸ்" என்று கத்தினார். எதை விடுவிப்பது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. பாருக்குக் கீழே, வயிற்றுக்கு நேராக ஒரு சிவப்புக் கைபிடி இருக்கிறது. அதை உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளினால் கைட்டின் இழுவை போய்விடும். அப்படியும் அடங்காவிட்டால் கைட்டை உடம்போடு இணைக்கும் லீஷ் என்ற கயிற்றில் இருக்கும் இரண்டாவது கைபிடியையும் விடுவித்தால் கைட் அவனைவிட்டே போய்விடும். இதை நான் தெரிந்துகொண்டது அன்று மாலை, ஆஸ்பத்திரி வாங்கில் எக்ஸ்ரேக்குக் காத்திருந்தபோது, ஃபோனில் பார்த்து. இரண்டே நிமிட விஷயம். காற்றுப் பட முன்னம், கண்ணை மூடிக்கொண்டும் அந்தக் கைபிடியைத் தொட்டுப் பிடிக்கிற அளவுக்கு அவனைப் பழக்கியிருக்கலாம். உங்கள் பயிற்றுநர் பேசியது ஆங்கிலமும் கொஞ்சம் சிங்களமும். ஒழுங்காகத் தமிழில் ஒருமுறை சொல்லியிருந்தால் என் தம்பி அதைத் தள்ளியிருப்பான். தமிழில் பயிற்சி என்று சொல்லிக் காசு வாங்கியது இந்த மாதிரி நேரத்துக்காகத்தானே?

தோள்பட்டை எலும்பில் வெடிப்பு என்று டொக்டர் சொன்னார். கையைத் தொட்டில் கட்டி வைத்திருக்கிறான்.

அவன் தண்ணீருக்குள் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. மவுஸ்ஸாகலை குளிக்கிற குளம் மாதிரி இல்லை. பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள்தான் இருக்கிறது. வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரிவதை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. மழைக்காலத்தில் எல்லாம் மூடிக்கிடக்கும், எங்கே சுவர், எங்கே கட்டை என்று மேலிருந்து தெரியாது. கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம். உங்களிடம் மீட்புப் படகும் இருக்கவில்லை. மலையகப் பிள்ளைகளில் பலருக்கு நீச்சலே தெரியாது. உங்கள் பதிவுப் படிவத்தில் நீச்சல் தெரியுமா என்ற கேள்வியும் இல்லை. ஒரு பயிற்சி நிலையம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

நான் முறையிட்டபோது உங்களிடமிருந்து இரண்டு பதில்கள் வந்தன. காற்று இயற்கை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது ஒன்று. காற்றை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காற்றுள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். தம்பி கையெழுத்திட்ட படிவத்தில் ஆபத்தை ஏற்பதாக இருக்கிறது என்பது மற்றது. அந்தப் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, அதிலும் இடம் கற்பிட்டி என்றுதான் இருக்கிறது. கற்பிட்டிக் களப்பின் ஆபத்தை ஏற்றவன் மவுஸ்ஸாகலையின் ஆபத்தையும் ஏற்றான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அடுத்த பயிற்சிக்கு 10 சதவீதம் கழிவு தருவதாகச் சொன்னீர்கள். அது எங்களுக்கு வேண்டாம்.

கட்டிய 68,000 ரூபாயையும் மருத்துவச் செலவையும் இந்த மாத முடிவுக்குள் திருப்பித் தாருங்கள். பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தி, எக்ஸ்ரே அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். அந்தக் கரையில் பயிற்சி நடத்த நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பானவர்களிடம் நீங்கள் அனுமதி பெற்றிருந்தால் அதன் பிரதியையும், அன்றைய பயிற்றுநரின் தகுதிச் சான்றிதழின் பிரதியையும் எனக்கு அனுப்புங்கள்.

காசைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அடுத்த குழுவுக்கும் முதற்கட்டம் மஸ்கெலியாவில்தான் என்று உங்கள் விளம்பரத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அதை உடனே நிறுத்துங்கள். பதிவு செய்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஃபோன் எடுத்து, அவர்களுக்கு விளங்கும் மொழியில், இடம் மாறியதையும் இங்கே ஒருவர் காயப்பட்டதையும் சொல்லுங்கள். என் தம்பி இன்னமும் கற்பிட்டிக்குப் போய்ப் பழக வேண்டும் என்றுதான் சொல்கிறான், நான் தடுக்கப் போவதில்லை. மலையகப் பிள்ளைகளும் இந்த விளையாட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்துத்தான் அவனுக்கு நானே காசு கட்டினேன்.

மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
பயிற்சிக்குக் கட்டணம் செலுத்தியவர்,
காயப்பட்டவரின் அக்கா