பிரேகோ ஆளின் பெயர் இல்லை

பலெர்மோ

அன்புள்ள அம்மா,

நான் சுகம். போன கிழமை பஸ்ஸிலிருந்து உங்களோடு கதைக்கும்போது பக்கத்தில் யாரோ "பிரேகோ, பிரேகோ" என்று ஆரைக் கூப்பிட்டது என்று கேட்டீர்கள், அதற்குள் நான் இறங்கும் இடம் வந்துவிட்டது. அது ஆளின் பெயர் இல்லை, இங்கத்தைய இத்தாலியச் சொல். ஒரு பெடியன் எழும்பி எனக்கு இடம் தந்தான், "இருங்கோ" என்பதைத்தான் அப்படிச் சொன்னான்.

வந்த புதிதில், ஒருவர் "கிராட்சியே" என்று நன்றி சொன்னால் திருப்பிச் சொல்லும் சொல் பிரேகோ என்றுதான் சொல்லித்தந்தார்கள். ஆனால் கோப்பிக் கடைக்குள் போனால் நான் வாய் திறக்க முதலே "பிரேகோ?" என்கிறார்கள், என்ன வேணும் என்று அர்த்தம். வாசலில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று "பிரேகோ", நீங்கள் முதலில் போங்கோ. கதவைத் தட்டினாலும் உள்ளிருந்து அதே சொல், வாங்கோ. நான் பராமரிக்கிற வயதான அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், நான் சொன்னது கேட்காவிட்டால் தலையைச் சரித்து "பிரேகோ?" என்பார். ஆனால் ஒன்றைக் கேட்டு வாங்கும்போது இதைச் சொல்லக்கூடாது, அதற்கு "பெர் ஃபவோரே". அது தெரியாமல் முதல் மாதம் "பானே, பிரேகோ" என்று பாண் கேட்டேன், கடைக்காரப் பெண் பாவம், குழம்பிப்போனார். (பாணுக்கு இங்கே பானே, போர்த்துக்கீசர் எங்களுக்குத் தந்துவிட்டுப் போன சொல்லுக்கு உறவான சொல்தான்.)

அப்புறம்தான் தெரிந்தது, பிரேகோ என்றால் நேர் அர்த்தம் "நான் மன்றாடுகிறேன்". மொன்தே பெல்லெக்ரினோ மலையில், 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காப்பாற்றினார் என்று இவர்கள் நம்புகிற சாந்த ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. எங்கள் தமிழ்ச் சனம் சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்காமல் ஏறிப் போகும், நானும் போவேன். அங்கே பூசையில் குருவானவர் "பிரேகியாமோ" என்றார், மன்றாடுவோம் என்று. கடையிலும் பஸ்ஸிலும் கேட்கிற அதே சொல், அம்மா! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

போன மாதம் அந்த அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். இரவு லைட்டை அணைக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டு "தி பிரேகோ" என்றார். உன்னை மன்றாடுகிறேன், போகாதே என்று. விடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன், உங்கள் நினைவாகவே இருந்தது. இப்போது அவருக்குச் சுகம்.

தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டுங்கோ. முழங்காலுக்கு எண்ணெய் பூசுவதை விடவேண்டாம்.

உங்கள் மகள்