கைப்பிடி இல்லாத சேஞ்ச் ஓவர்

அன்புள்ள ராஜாராமுக்கு,

முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. மண்டபத்து ஜெனரேட்டர் அறையைப் பையனிடம் விட்டுவிடு என்றால் நீ கேட்கப்போவதில்லை. அதனால் உனக்குப் பிடித்த சமாசாரமே எழுதுகிறேன்.

மகள் ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்து எங்களை அரிசோனாவில் கிராண்ட் கேன்யனுக்குக் கூட்டிப்போனாள். கட்டில், அடுப்பு, ஏ.சி., கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. பள்ளத்தாக்கைப் பற்றி உன் தங்கச்சி போனில் சொல்லுவாள். எனக்கு மனதில் நிற்பது வண்டியின் கரண்ட் ஏற்பாடுதான்.

அங்கே மேத்தர் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் கிடையாது. ஜெனரேட்டர்தான், அதுவும் அவர்கள் அனுமதிக்கும் நேரத்தில் மட்டும். பக்கத்து டிரெய்லர் வில்லேஜில் வண்டிக்கு ஒரு கம்பம், பிளக் மாட்டிக்கொள்ளலாம். இரண்டிலும் தங்கினோம்.

ஈ.பி. போனதும் ஜெனரேட்டருக்கு மாற்ற நீ ஓடிப்போய்த் தள்ளுவாயே சேஞ்ச் ஓவர் கைப்பிடி, அந்த வேலையை இங்கே கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி செய்கிறது. ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்தால் அரை நிமிஷம் போல ஒன்றும் நடக்காது. வோல்டேஜ் நிலைக்கட்டும் என்று பெட்டி காத்திருக்கும். அப்புறம் ‘டக்’கென்று ஒரு சத்தம், மைக்ரோவேவ் கடிகாரம் கண்சிமிட்டும், ஏ.சி. முனகத் தொடங்கும்.

வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் ஈ.பி. இருக்கும்வரை ஜெனரேட்டருக்கு வேலையில்லை. தானாக மாறுகிற பேனலும் ஈ.பி. பக்கம்தான் சாயும். இங்கே தலைகீழ். கம்பத்தில் பிளக் மாட்டியிருந்தாலும், ஜெனரேட்டர் ஓடினால் பெரும்பாலான பெட்டிகள் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். யோசித்தால் நியாயம்தான். எங்கள் வண்டி ஜெனரேட்டர் தானாக ஓடாது, யாராவது பட்டனை அழுத்தினால்தான் உண்டு. அழுத்தியவனுக்கு அதுதானே வேண்டும்? வெயில் காலத்தில் எல்லா வண்டியிலும் ஏ.சி. ஓடி, கம்பத்தில் வோல்டேஜ் இறங்கினால், பிளக்கைப் பிடுங்காமலே தப்பிக்கலாம். எந்த நிலையிலும் கம்பத்துக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்றோடொன்று சேராது.

எங்கள் வண்டிக்கு 30 ஆம்பியர் இணைப்பு. கேட்கத் தாராளம்தான். ஆனால் இங்கே 120 வோல்ட், மொத்தம் 3,600 வாட். நம் ஊரில் 6, 7 ஆம்பியர் இழுக்கிற ஏ.சி. இங்கே 13 இழுக்கும். அதோடு மைக்ரோவேவும் ஹேர் டிரையரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் தகராறு வந்ததே இதில்தான். பஸ் மாதிரி பெரிய வண்டிகளுக்கு நாலு கால் பிளக். 50 ஆம்பியரில் இரண்டு லைன், 12,000 வாட். அவர்கள் ராஜாக்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. மாற்றுவதற்கு முன் ஏ.சி.யை நிறுத்திவிடுவான். லோடோடு பிரிந்தால் காண்டாக்டில் பொறி பறந்து முனை கருகும் அல்லவா? ஜெனரேட்டரையும் சில நிமிஷம் லோடில்லாமல் ஓடவிட்டுத்தான் அணைப்பான். பிளக்கைத் தொடுமுன் கம்பத்து பிரேக்கரை ஆஃப் செய்வான்.

போன தடவை வந்தபோது உன் சேஞ்ச் ஓவரில் ஒரு பிளேடு கறுத்திருந்ததே, மாற்றினாயா? மாற்றவில்லையென்றால் தை முகூர்த்தங்களுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. நீயே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்காராதே.

அன்புடன்,
சுந்தரம்