கேட்டது ஒரு ரிவால்வர், பில் வந்தது வேறொன்றுக்கு: புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் கடையில் கான்பூர் தயாரிப்பான பழைய .32 (தோட்டாவின் அளவு) ரிவால்வருக்கு முன்பணம் கட்டினேன். உரிமம் என் பெயரில்தான் இருக்கிறது. இப்போது பில் நிர்பீக் என்ற வேறொரு ரிவால்வருக்கு வந்திருக்கிறது. போனில் கேட்டபோது உங்கள் விற்பனையாளர், "ரெண்டும் ஒண்ணுதான் மேடம், இது லேடீஸ் மாடல், லைட்டா இருக்கும்" என்றார்.

இரண்டும் ஒன்றல்ல. தயாரிக்கும் ஊர் ஒன்று, தோட்டா ஒரே அளவு, இரண்டிலும் ஆறு தோட்டா போடலாம். அதோடு ஒற்றுமை முடிந்தது. பழையது ஏறக்குறைய 700 கிராம். 2014இல் பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தி வெளியிட்ட நிர்பீக், டைட்டானியம் கலவையில் செய்தது, 500 கிராம்தான். அப்போதே அதன் விலை 1,22,360 ரூபாய். அந்த விலையே செய்தியானது.

லேசாக இருந்தால் பெண்களுக்கு நல்லது என்பது துப்பாக்கி விற்பவர் சொல்லக் கூடாத பேச்சு. தோட்டா ஒன்றே என்றால், துப்பாக்கியின் எடை குறையக் குறைய, சுடும்போது கையில் உதை கூடும். 200 கிராம் சின்ன வித்தியாசமில்லை. முதல் குண்டுக்குப் பிறகு குழல் எவ்வளவு மேலே எழும்பும், மறுபடி குறிக்கு எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. நாள் முழுக்கக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கு நிர்பீக் நல்ல தேர்வுதான், அதை நான் குறை சொல்லவில்லை. என்னுடையது தோட்டத்து வீட்டில் பெட்டியில் பூட்டி வைக்கப் போவது. எனக்கு வேண்டியது கையில் நிற்கும் கனம். இதை முன்பணம் கட்டிய அன்றே தெளிவாகச் சொன்னேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. சுடும் விசை எவ்வளவு இறுக்கம், இரண்டையும் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். பதில் எல்லாம் கூட வந்திருந்த என் அண்ணனைப் பார்த்தே வந்தது. அவருக்கு உரிமமும் இல்லை, துப்பாக்கியில் ஆர்வமும் இல்லை. கடைசிவரை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டவே இல்லை.

இது பிடிக்காத சேலையை மாற்றுவது போன்ற காரியம் இல்லை. துப்பாக்கியின் எண் உரிமத்தில் ஏறிவிட்டால், திருத்த மறுபடி அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு என்னைப் போன்ற சாதாரண உரிமதாரர்கள் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. அதில் ஒரு இடத்தை நான் கேட்காத ஒன்றுக்குத் தர மாட்டேன்.

அதனால் அந்த பில்லை ரத்து செய்து, நான் பதிவு செய்த ரிவால்வரையே தாருங்கள். கையிருப்பில் இல்லை என்றால் முன்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுங்கள். எது என்பதை எழுத்தில் சொல்லுங்கள், போனில் வேண்டாம். ரசீது, பில் நகல்களை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உரிமதாரர்